சீன மாணவரும் 'கெட்' என்னும் வினையும்

சீன தேசத்தில் 2001-ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு எடுத்த முடிவின்படி, ஆரம்பப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப்பெற்று வருகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, சர்வகலாசாலைப் பிரவேசத்துக்குரிய 'காவ்காவ்' என்ற தேசியப் பரீட்சைக்கு உட்காரும்போது, பெரும்பாலான மாகாணங்களில் மொத்தமுள்ள 750 மதிப்பெண்களில் 150 ஆங்கிலத்துக்கு உரியன. தாய்மொழிக்கும் கணிதத்துக்கும் உள்ள அதே அளவு. இத்தனை ஆண்டுக் காலப் பயிற்சிக்குப் பின்னர், நீண்ட ஆங்கிலப் பதங்களை எழுத்துப் பிசகாமல் எழுதவும் அவற்றின் பொருளைத் தயக்கமின்றிச் சொல்லவும் வல்ல ஒரு மாணவர், மூன்றே எழுத்துக்கள் கொண்ட 'கெட்' என்னும் வினைச்சொல்லின் முன்னால் நாக்குழறி நிற்கிறார் என்றால், அந்தக் குறை மாணவருடையதா, அவருக்குப் பாடம் வகுத்தவர்களுடையதா என்று கேட்பது நியாயமே. வகுத்தவர்களுடையது என்பதே என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் அந்த வினையின் விஸ்தாரத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் பேசும் ஒருவர் காலையில் துயில் நீங்கி எழுவது 'கெட் அப்'. தபாலில் கடிதம் வரப்பெறுவது 'கெட்'. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதும் 'கெட்' தான். பஸ்ஸில் ஏறினால் 'கெட் ஆன்', இறங்கினால் 'கெட் ஆஃப்'. காரியாலயம் போய்ச் சேருவது, கோபம் கொள்வது, நோயில் விழுவது, நண்பர் சொன்ன ஹாஸ்யம் புரிவது, முடி வெட்டிக்கொள்வது, விவாகம் செய்துகொள்வது, வேலையிலிருந்து நீக்கப்படுவது ஆகிய இத்தனை காரியங்களுக்கும் அதே வினை, பக்கத்தில் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துக்கொண்டோ சேர்க்காமலோ, சலிக்காமல் வந்து நிற்கிறது. வட ஐரோப்பியக் கடலோடிகள் இங்கிலாந்தில் குடியேறியதன் பயனாக அவர்களுடைய பாஷையிலிருந்து ஆங்கிலத்துக்குள் புகுந்த இச்சொல்லுக்குப் பெறுதல் என்பதே ஆதிப் பொருள். அங்கிருந்து அது இவ்வளவு தூரம் படர்ந்தது கண்டு ஆங்கிலேய உபாத்தியாயர்களே முகம் சுளித்து, கட்டுரைகளில் அதைத் தவிர்க்குமாறு மாணாக்கர்களுக்குப் போதித்ததுண்டு. போதனை நோட்டுப் புத்தகத்தோடு நின்றது. பேச்சில் ஒருவரும் அதை மதிக்கவில்லை.

சீன மாணவருடைய சொற்பட்டியலிலோ 'கெட்' என்பதற்கு நேரே 'டெ டாவ்' என்ற ஒற்றைச் சமானமே முதலில் எழுதப்பெற்றிருக்கும். கைக்கு வந்து கிட்டுதல் என்பது அதன் பொருள். அந்தச் சமானத்தை நம்பி அவர் புறப்பட்டால் அது வெகுதூரம் துணை வருவதில்லை. ஏனெனில், கடிதம் வரப்பெறுவதற்குச் சீனத்தில் 'ஷௌ டாவ்', விலைக்கு வாங்குவதற்கு 'மாய் டாவ்', ஓரிடத்தைச் சேர்வதற்கு 'டாவ்', விளங்கிக்கொள்வதற்கு 'டோங்', ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுவதற்கு 'பியன்', பிறரைக் கொண்டு செய்விப்பதற்கு 'ராங்', செயப்பாட்டுப் பொருளுக்குப் 'பெய்' என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கணக்கு வைத்துப் பழகியவருக்கு, ஒரு சொல்லுக்கு எதிரே ஏழு சொற்கள் வரிசையாக நிற்பது திகைப்பையே உண்டாக்கும்.

திகைத்தவர் செய்யக்கூடியது இரண்டில் ஒன்று. தம் பாஷையின் வினையை அப்படியே பெயர்த்து, மருந்தை 'ஈட்' செய்தேன் என்றும், விளக்கை 'ஓபன்' செய் என்றும், அறிவை 'லேர்ன்' செய்கிறேன் என்றும் எழுதுவது ஒன்று. சீனர் மருந்தைச் சாப்பிடுகிறார்கள், விளக்கைத் திறக்கிறார்கள், அறிவையே கற்கிறார்கள் என்பதுதான் இதற்குக் காரணம். மருந்து சாப்பிடுகிறவர்களும் விளக்குப் போடுகிறவர்களுமாகிய நாம் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கில்லை. மற்றொன்று, ஆபத்தான சொல்லை அணுகாமலே ஒதுங்கிச் செல்வது. லியாவ், ஃபுகுயா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சீன மாணவர்களைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, வினையும் சிறு சொல்லும் சேர்ந்து பிறக்கும் கூட்டு வினைகளை இடைநிலை மாணவர்கள் தவிர்த்து ஒற்றைச் சொல் வினைகளையே நாடினார்கள் என்றும், தேர்ச்சி மிகுந்தவர்களிடம் அந்தத் தயக்கம் குறைந்திருந்தது என்றும் தெரிவிக்கிறது. ஒதுங்கிச் செல்பவர் எழுதும் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை காண்பது அரிது. ஆனால் காய்ச்சல் நீங்கித் தேறிய செய்தியைச் சிநேகிதருக்கு எழுதும்போதுகூட அது கச்சேரித் தஸ்தாவேஜின் நடையில் இருக்கும்.

இந்த ஒதுங்குதலுக்கு உரமிடுவது பரீட்சைப் படிப்பு. காவ்காவைத் தாண்டினால், 1987-இல் தொடங்கப்பெற்ற கல்லூரி ஆங்கிலப் பரீட்சை காத்திருக்கிறது. அதையும் தாண்டி வெளிநாட்டுப் படிப்புக்குப் போக விரும்பினால் வேறு பரீட்சைகள். ஒவ்வொன்றுக்கும் சொற்பட்டியல் புத்தகங்கள் உண்டு. ஆங்கில அகர வரிசையில் சொல், அதற்கு நேரே சீன அர்த்தம். அவற்றில் பலவற்றின் முதற்பக்கத்தில் வருவது 'அபாண்டன்' என்ற சொல். கைவிடுதல் என்று பொருள். புத்தகத்தைத் திறந்த மாத்திரத்தில் அதன் உபதேசத்தை ஏற்றுக் கைவிட்டுவிட்டோம் என்று சீன மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பது பிரசித்தம். அந்த வேடிக்கையில் அவர்கள் கவனிக்காத விசேஷம் ஒன்று உண்டு: படிப்பைக் கைவிடுவதை ஆங்கிலேயர் சாதாரணப் பேச்சில் 'அபாண்டன்' என்று சொல்வதில்லை, 'கிவ் அப்' என்பார்கள். கொடுத்தல் என்ற பொருளில் 'கிவ்' முதல் ஆண்டிலேயே பாடமாகி, தெரிந்த சொல் என்று குறிக்கப்பெற்று, பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. 'கெட்'டின் கதியும் இதுவே. பத்து வயதில் அறிமுகமான சொல்லை இருபது வயதில் மீண்டும் கற்க வேண்டும் என்று மாணவருக்கு யாரும் சொல்வதில்லை.

இத்தனைக்கும், சீனருக்கும் ஆங்கிலத்துக்கும் ஏற்பட்ட முதல் உறவு சிறு வினைகளைக் கொண்டே நடந்தது. 1757 முதல் 1842 வரையில் ஐரோப்பிய வியாபாரிகள் காண்டன் துறைமுகம் ஒன்றில் மட்டுமே வர்த்தகம் செய்ய அனுமதிக்கப்பெற்றிருந்த காலத்தில், தேயிலையும் பட்டும் பீங்கானும் கைமாறிய அந்தக் கிட்டங்கிகளில் 'பிட்ஜின்' என்ற கலப்பு ஆங்கிலம் வழங்கிற்று. வியாபாரத்தைக் குறிக்கும் 'பிசினஸ்' என்ற சொல்லே சீனர் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர். ஆங்கில ஒலிகளைச் சீன எழுத்துக்களில் எழுதிக் காட்டிய மலிவான சிறு புத்தகங்களைக் கொண்டு கடைக்காரர்களும் வேலையாட்களும் அதைக் கற்றார்கள். அதில் 'காட்சீ' என்று ஒரு வினை உண்டு. பிடித்தல் என்ற பொருளுள்ள 'காட்ச்' திரிந்து ஆனது. வாங்கு, கொண்டு வா, பெறு, அடை என்று 'கெட்' செய்யும் வேலையில் பெரும்பகுதியை அந்த ஒரு வினையே சுமந்தது. வெள்ளைக்காரர்கள் அந்தப் பேச்சை எள்ளி நகையாடினார்களே தவிர, தங்கள் சரக்குக்கு விலை பேசியதெல்லாம் அதிலேதான். வினைகள் சிலவற்றைக் கொண்டு வாழ்க்கையின் பெரும்பகுதியை நடத்திவிடலாம் என்ற உண்மையை இலக்கணம் அறியாத அந்தக் கடைக்காரர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

ஏறக்குறைய அதே உண்மையைப் பின்னாளில் கேம்பிரிட்ஜ் பண்டிதர்கள் சாஸ்திர ரீதியாகக் கையாண்டார்கள். சி. கே. ஆக்டன் 1930-இல் வெளியிட்ட 'பேசிக் இங்கிலீஷ்' என்ற எளிய ஆங்கிலத் திட்டத்தில் மொத்தம் 850 சொற்களே. அவற்றுள் வினைகள் 18. அந்தப் பதினெட்டில் 'கெட்' ஒன்று. தப்பி ஓடுவதற்கு 'கெட் அவே', உடல் தேறுவதற்கு 'கெட் வெல்', உள்ளே நுழைவதற்கு 'கெட் இன்' என்று இந்தச் சிறு வினைகளைச் சேர்த்தும் பிரித்தும் எதையும் சொல்லிவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. அவருடைய நண்பரும் இலக்கிய விமரிசகருமாகிய ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், 1929-30-இல் பீக்கிங்கிலுள்ள சிங்குவா சர்வகலாசாலையில் போதித்தவர். 1936-இல் மீண்டும் சீனம் சென்று இம்முறையை அந்நாட்டுப் பள்ளிகளில் பரப்ப உழைத்தார். 1937 ஜூலையில் மூண்ட ஜப்பானியப் படையெடுப்பு அந்த முயற்சியைக் குலைத்தது. ஆயினும் அவருக்குச் சீனத்தின்மீது இருந்த பற்று குறையவில்லை. 1979-இல், எண்பத்தாறு வயதில், அந்நாட்டுக்கு மறுபடியும் பிரயாணம் செய்து, அங்கே நோயுற்று, கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி அவ்வாண்டிலேயே காலமானார்.

அவ்விருவரும் சிறு வினைகளுக்கு உரிய ஸ்தானத்தை அளித்தது போற்றத்தக்கதே. ஆனால் அவர்கள் சொற்களை எண்ணினார்கள், பொருள்களை எண்ணவில்லை. 'கெட் ஓவர்' என்றால் துக்கம் ஆறித் தேறுதல். 'கெட் பை' என்றால் கிடைத்ததைக் கொண்டு காலம் தள்ளுதல். 'கெட் அலாங்' என்றால் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போதல். இவற்றை உறுப்புக்களின் பொருளைக் கூட்டி ஊகித்துவிட முடியாது. 850 என்ற சிறிய எண்ணைக் கண்டு மகிழ்ந்து உள்ளே வந்த மாணவர், ஒவ்வொரு வினையின் பின்னாலும் ஒரு பெருங்கூட்டம் மறைந்திருப்பதைக் காண நேர்ந்தது. சிறு வினைகள் எளியவை என்று எண்ணியது அவர்களுடைய பிழை. தெரிந்தவை என்று எண்ணி ஒதுக்கியது இன்றைய பட்டியல்காரர்களுடைய பிழை. இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டு சேர்க்கின்றன.

அப்படியானால் வழி என்ன? வழி சீன மாணவருடைய வீட்டிலேயே இருக்கிறது என்பது என் துணிபு. சீன பாஷையில் 'டா' என்று ஒரு வினை உண்டு. அடித்தல் என்பது அதன் நேர்ப்பொருள். 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஜதந்திரியும் வரலாற்றாசிரியருமாகிய ஔயாங் சியூ, தம் குறிப்பு நூல் ஒன்றில், உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் ஒருமிக்கப் பிழையாக வழங்கும் சொல் இது ஒன்றே என்று குறைப்பட்டுக்கொண்டார். கப்பல் கட்டுவதற்கும் 'டா', மீன் பிடிப்பதற்கும் 'டா', தண்ணீர் இறைப்பதற்கும் 'டா', குடை பிடிப்பதற்கும் 'டா' என்று உலகம் பேசுகிறதே என்பது அவருடைய மனத்தாங்கல். அவர் வருந்தி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் அச்சொல் அடங்கவில்லை. டெலிபோன் பேசுவதற்கும், பந்து விளையாடுவதற்கும், கம்பளிச் சட்டை பின்னுவதற்கும், ஊசி போடுவதற்கும், தும்முவதற்கும் இன்று 'டா' தான். தமிழருக்கு இதில் வியப்புக்கு இடமில்லை. தந்தி அடித்தோம், டைப் அடிக்கிறோம், சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது. சினிமா பார்க்கக் கல்லூரிக்கு மட்டம் அடிக்கிறவர்களும் உண்டு. தந்திக்கும் டைப்புக்கும் சீனர் வழங்கும் வினையும் இதே அடித்தல்தான் என்பது ஓர் இனிய ஒற்றுமை.

ஆகவே, ஒரு சிறு வினை பல காரியங்களைத் தாங்கி நிற்கும் இயல்பு சீன மாணவருக்குப் புதியதன்று. சீனக் குழந்தை எதுவும் 'டா'வின் பொருள்களைப் பட்டியல் போட்டு மனனம் செய்ததில்லை. குடையோடும் தண்ணீரோடும் டெலிபோனோடும் சேர்த்தே அதைக் கேட்டு, சேர்த்தே சொல்லிப் பழகியது. அந்தப் பழக்கத்தை ஆங்கில வகுப்பின் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருமாறு சொல்வதுதான் விபரீதம்.

இன்னும் அணுகிப் பார்த்தால் ஒற்றுமை ஆழமாகிறது. பட்டியலில் 'கெட்'டுக்கு எதிரே நிற்கும் 'டெ டாவ்' என்பதிலேயே முதல் எழுத்தாகிய 'டெ'யை எடுத்துக்கொள்வோம். பெறுதலைக் குறிக்கும் அதே எழுத்தை 'டெய்' என்று உச்சரித்தால் 'செய்தே ஆக வேண்டும்' என்ற கட்டாயப் பொருள் பிறக்கிறது. ஒரு வினைக்கும் அதன் பயனைக் காட்டும் சொல்லுக்கும் நடுவே மெலிதாக உச்சரித்து வைத்தால் 'செய்ய இயலும்' என்ற பொருள் பிறக்கிறது. ஆங்கிலத்திலும் 'ஹாவ் காட் டு' என்றால் கட்டாயம். 'கெட் டு' என்றால் வாய்ப்புக் கிட்டுதல். ஒன்றோடொன்று உறவில்லாத இரு பாஷைகளில் பெறுதல் என்ற கருத்து இவ்வாறு ஒரே திசையில் வளர்ந்திருக்கிறது. இரண்டாம் எழுத்தாகிய 'டாவ்' சென்று சேர்தலைக் குறிப்பது. 'கான்' என்றால் நோக்குதல், 'கான் டாவ்' என்றால் கண்ணுக்குப் புலப்படுதல். 'மாய்' என்றால் வாங்குதல், 'மாய் டாவ்' என்றால் வாங்கக் கிடைத்தல். 'கெட்'டின் பரந்த பொருள்களுக்கெல்லாம் உள்ளே ஓடும் சரடு இந்தச் சென்று சேர்தலே. பொருள் நம்மிடம் வந்து சேருகிறது, நாம் ஓரிடத்தைச் சேருகிறோம், கோபம் நோய் முதலிய நிலைகளை எய்துகிறோம், பிறரை ஒரு செயலில் கொண்டு சேர்க்கிறோம். இந்தச் சரடைக் காட்டிக் கொடுத்துவிட்டால் ஏழு சொற்களாகச் சிதறிக் கிடந்தவை ஒரு குடும்பமாகிவிடும்.

வினையின் பின்னால் சிறு சொல் வந்து பொருளைத் திருப்பும் முறை சீனத்துக்கு அந்நியம் என்று சொல்லித் தப்பவும் இயலாது. எழுந்து வருதலைக் குறிக்கும் 'சீ லாய்' என்ற கூட்டைப் பாருங்கள். நிற்றலோடு சேர்ந்தால் எழுந்து நிற்றல். எண்ணுதலோடு சேர்ந்தால் மறந்தது நினைவுக்கு வருதல். குளிரைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தால் குளிரத் தொடங்குதல். 'அப்' என்ற ஆங்கிலச் சிறு சொல் 'கெட்'டுக்கும் 'கிவ்'வுக்கும் செய்வதை இது தன் வினைகளுக்குச் செய்கிறது. உபாத்தியாயர்கள் காட்டத் தவறிய இந்த உறவைச் சீன இளைஞர்கள் தாமாகவே கண்டுகொண்டார்கள் என்பதுதான் சுவையான செய்தி. ஒருவர் சொன்னதன் உட்பொருள் தமக்கு விளங்கிவிட்டது என்பதை அவர்கள் இன்று 'கெட் டாவ்' என்கிறார்கள். ஆங்கில வினைக்குச் சீனத் துணைச்சொல்லை ஒட்டிக் கலந்த இப்பிரயோகம் நகரத்துப் பேச்சில் சகஜமாகிவிட்டது. தூய்மை விரும்பிகள் இதைக் கண்டு வருந்தலாம். நானோ, 'கெட்'டுக்கு எழுதப்பெற்ற வியாக்கியானங்களுள் இதைவிடச் சுருக்கமானதைக் கண்டதில்லை.

இந்த ஒற்றுமைகளை எல்லை மீறிப் பாராட்டினால் அதுவும் ஆபத்தாகும். குளிர்ந்துவிட்டது என்பதைச் சீனர் குளிரைக் குறிக்கும் சொல்லோடு 'ல' என்ற இடைச்சொல்லைச் சேர்த்து முடித்துவிடுவர்; அங்கே வினையே வேண்டியதில்லை. ஆங்கிலமோ 'கெட்' போன்ற ஒரு வினையைக் கேட்கிறது. விவாகம் செய்துகொள்வதைச் சீனர் 'இன்னாரோடு' என்று சொல்லும் வழக்கத்தால் ஆங்கிலத்தில் 'மாரி'யின் பின்னால் தேவையற்ற 'வித்'தைச் சேர்த்துவிடுகிறார்கள். இத்தகைய இடங்களை ஆசிரியர் தனித்தனியே சுட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். தாய்மொழி வாசல்வரை அழைத்துச் செல்லும். உள்ளே நடமாடுவதற்கு அப்பியாசம் வேண்டும்.

பெரிய வகுப்பும், நெருங்கி வரும் பரீட்சையும், முடிக்க வேண்டிய பாடத் திட்டமும் உள்ள ஆசிரியருக்கு இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; அதனாலேயே என் குறை ஆசிரியர்மீது அன்று, பரீட்சையை அமைப்பவர்மீது. அருஞ்சொல்லுக்கு மதிப்பெண் கிடைக்கும்வரை மாணவர் அருஞ்சொல்லையே தேடுவார். சாதாரண மனிதர் சாதாரணச் சந்தர்ப்பத்தில் பேசும் ஆங்கிலத்தை எழுதிக் காட்டுமாறு வினாத்தாள் கேட்டால், அடுத்த ஆண்டே பாடப் புத்தகங்கள் மாறும். அதற்குரிய கருவிகளுக்கும் பஞ்சமில்லை. ஜப்பானில் பல ஆண்டுகள் ஆங்கிலம் போதித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம் சகாக்கள் இருவரோடு தொகுத்து 1942-இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி, ஒவ்வொரு வினையும் எந்தெந்த வாக்கிய அமைப்பில் நிற்கும் என்பதைப் பிரித்துக் காட்டியது. பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி உலகெங்கும் பரவிய மாணவர் அகராதிக்கு அதுவே மூலம். அதன் ஆங்கில - சீனப் பதிப்பு சீன மாணவர்கள் நன்கு அறிந்த புத்தகம். பட்டியலைப் புரட்டும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுத்தால் போதும்.

ஆகவே சீனத்துப் பாடநூல் ஆசிரியர்களுக்கும் பரீட்சை அதிகாரிகளுக்கும் சொல்லத்தக்கது இதுதான்: 'கெட்', 'டேக்', 'மேக்', 'புட்' முதலிய பத்துப் பன்னிரண்டு வினைகளை முதல் ஆண்டில் முடித்துவிட்ட பாடமாகக் கருதாமல், ஒவ்வோர் ஆண்டும் புதிய சேர்க்கைகளோடும் முழு வாக்கியங்களோடும் திரும்ப எடுத்துக் கற்பியுங்கள், கற்பிக்கும்போது 'டா'வையும் 'டாவ்'வையும் 'சீ லாய்'யையும் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சீன அர்த்தத்தை எதிரே எழுதிப் பாடத்தை முடித்துவிடும் பட்டியல்களை வகுப்பிலிருந்து விலக்குங்கள். ஆங்கிலம் கற்கும் நம் குழந்தைகளுக்கு 'அடி'யையும் 'போடு'வையும் துணையாகக் கொடுக்கத் தவறும் நம் ஆசிரியர்களுக்கும் இந்த வேண்டுகோள் பொருந்தும்.